குப்பை கடந்த தொலைவு: சிங்கப்பூரில் இல்லக் கழிவுத் திட்டமிடலின் வரலாறு

மொழியியல் பயின்றவன் குப்பையைப் பற்றிப் பேச வருவானேன் என்று அவையிலுள்ள ஆசிரியர்கள் சிலர் எண்ணக்கூடும். என்னை இப்பொருளுக்குள் இழுத்து வந்தவை மூன்று சொற்கள். குப்பை என்பது பழந்தமிழில் குவியலின் பெயர். சங்கப் பாடலில் உப்பு விளைநிலத்தில் குவித்துக் கிடக்கும் உப்பும் குப்பைதான். வயலுக்கு ஏற்றிச் செல்லும் எருவை உழவர்கள் இன்றும் குப்பை என்றே வழங்குகின்றனர். கழிவு என்பது கழி என்னும் வினையடியாகப் பிறந்தது; கணக்கில் ஒன்றைக் குறைப்பதற்கும் அதுவே சொல். நம் ஊர்த் துணிக்கடை விளம்பரத்தில் ‘20 விழுக்காடு கழிவு’ என்று படிப்பவர் எவரும் முகம் சுளிப்பதில்லை. மூன்றாவது சொல் துப்புரவு. திருக்குறளில் அச்சொல் நுகரும் பொருளைக் குறிக்கிறது. உண்பதற்கும் துய்ப்பதற்கும் உரியது எதுவோ அது துப்புரவு. துய்த்து முடித்தபின் எஞ்சுவதை அகற்றும் வேலைக்கு அதுவே இன்று பெயராகிவிட்டது.

இந்தச் சொற்பொருள் மாற்றங்கள் எப்போது நிகழ்ந்தன என்று ஆண்டு குறித்துச் சொல்ல இயலாது. ஆனால் சிங்கப்பூர் போன்ற ஒரு நகரில், வீட்டு வாசலில் குவிந்து கிடந்த ஒன்று எவ்வாறு படிப்படியாக ஊரைவிட்டு விலக்கப்பட்டது என்பதை ஆண்டு குறித்தே சொல்லலாம். அதற்குச் சட்டங்களும் அறிக்கைகளும் சான்றாக இருக்கின்றன. அவற்றை வரிசையாகப் படிக்கும்போது ஒரு போக்கு தெரிகிறது. ஒவ்வொரு தலைமுறையின் திட்டமும் வீட்டுக்கும் அதன் குப்பைக்கும் இடையிலுள்ள தொலைவை நீட்டியது. அத்திட்டங்கள் பெரும்பாலும் வெற்றி பெற்றன. இன்று எஞ்சியிருக்கும் திட்டமோ குப்பையை மீண்டும் சமையலறையில் வைத்துப் பார்க்கச் சொல்கிறது. முன்னைய வெற்றியே இதற்குத் தடையாக நிற்கிறது என்பது என் கருத்து. அதை இவ்வுரையில் விளக்க முயல்கிறேன்.

வாளியும் பின்சந்தும்

சிங்கப்பூரின் நகராண்மைக்கு உறுதியான வடிவம் தந்தது 1887-ஆம் ஆண்டின் சட்டம். நகராண்மை என்ற சொல்லைக் கேட்டுச் சிரிக்கும் மாணவர்களை வகுப்பறையில் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆள் என்னும் வினையடியோடு மை சேர்ந்தால் ஆண்மை. ஆளும் தன்மை என்பது பொருள். நகரை ஆளும் பொறுப்பு நகராண்மை. சாலை, விளக்கு, தண்ணீர், துப்புரவு ஆகியவை அப்பொறுப்பில் அடங்கின.

அக்காலத்து நகராண்மைக் கழகம் ஆண்டுக்கு ஆண்டு வரவுசெலவு போட்டே இயங்கியது. அதன் பார்வை ஓர் ஆண்டைத் தாண்டுவது அரிது. தாண்டவைத்தது நோய். வாந்திபேதியும் குடற்காய்ச்சலும் ஆண்டுதோறும் உயிர்களைக் கொண்டுபோயின. 1893 முதல் 1920 வரை நகராண்மையின் சுகாதார அதிகாரியாக இருந்த மருத்துவர் மிடில்டன், நோயையும் அழுக்கையும் இணைத்துப் பார்த்துத் தொடர்ந்து எழுதிவந்தவர். அவர் பெயரில் பின்னாளில் ஒரு தொற்றுநோய் மருத்துவமனையே அமைந்தது.

அன்றைய வீட்டுக் கழிவில் இன்று நாம் மறந்துவிட்ட ஒரு பகுதி உண்டு. அது மனிதக் கழிவு. நகராண்மை அந்த வேலையை எடுத்துக்கொள்வதற்கு முன்பு சீனக் குத்தகைக்காரர்கள் அதைத் திரட்டிக் காய்கறித் தோட்டங்களுக்கும் மிளகு, காசுக்கட்டித் தோட்டங்களுக்கும் உரமாக விற்றனர். விலைக்குரிய பண்டமாக அது இருந்தது. நம் உழவர் குப்பை என்று சொல்லும் அதே பொருளில்தான் அங்கும் அது வழங்கியது எனலாம்.

1907-ஆம் ஆண்டில் பேராசிரியர் சிம்ப்சன் சிங்கப்பூரின் சுகாதார நிலையைப் பற்றி ஓர் அறிக்கை அளித்தார். கடைவீடுகள் முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டப்பட்டிருந்ததை அவர் பெருங்குறையாகக் கண்டார். பின்புறம் வழி இல்லாததால் மலவாளி சமையற்கட்டு வழியாகவும் முன்கூடம் வழியாகவும் வெளியே போக வேண்டியிருந்தது. வீடுகளின் பின்னால் சந்துகள் வெட்ட வேண்டும் என்று அவர் பரிந்துரைத்தார். கேட்பதற்கு எளிய யோசனை. நிறைவேற்றுவதற்குப் பிறர் நிலத்தையும் சுவரையும் இடிக்க வேண்டியிருந்தது. 1927-இல் தோன்றிய சிங்கப்பூர் மேம்பாட்டு அறநிதி அவ்வேலையைத் தொடர்ந்தது. சிராங்கூன் சாலையை ஒட்டிய கடைவீடுகளுக்குப் பின்னால் நடந்தால், இன்று உணவகங்களின் பாத்திரங்களும் மிதிவண்டிகளும் நிற்கும் சந்துகளைப் பார்க்கலாம். பழைய கடைவீட்டுப் பகுதிகளில் அத்தகைய பின்சந்துகள் பலவும் இந்த யோசனையின் வழியில் பிறந்தவை.

வாளி முறை முற்றிலும் ஒழிந்தது 1987 ஜனவரியில். சிம்ப்சன் அறிக்கைக்கும் அதற்கும் இடையே 80 ஆண்டுகள். கழிவுநீர்க் குழாய்களை நகருக்குள் இடும் வேலை 1910-களிலேயே தொடங்கியிருந்தும் இவ்வளவு காலம் பிடித்தது. நீண்டகாலத் திட்டம் என்பதை நாம் வரைபடத்தின் தேதியைக் கொண்டு மதிப்பிடுகிறோம். கடைசி வாளி எப்போது வெளியேறியது என்பதைக் கொண்டு மதிப்பிட்டால் பல திட்டங்களின் நீளம் வேறாகத் தெரியும்.

இந்த 80 ஆண்டுகளில் பெருக்கியும் அள்ளியும் வண்டி தள்ளியும் நகரைத் தாங்கியவர்களில் இந்தியத் தொழிலாளர் பெரும்பகுதியினர். தமிழர் அவர்களுள் கணிசமானோர். நகராண்மை கட்டித்தந்த லயங்களில் அவர்கள் குடும்பங்களோடு வாழ்ந்தனர். அவர்கள் வாயில் நகராண்மை ‘முனிசிபல்’ ஆயிற்று. தாயகத்தில் தோட்டி என்னும் பெயரோடு ஒட்டியிருந்த சாதி இழிவும் அவர்களோடு கப்பலேறி வந்தது. அப்பெயர் பின்னர் துப்புரவுத் தொழிலாளர் என்றும், துப்புரவாளர் என்றும் மாறியதைச் சொல்லாராய்ச்சியாளர்கள் இடக்கரடக்கல் என்று ஒரு வரியில் முடித்துவிடுவர். எனக்கு அது போதுமானதாகத் தோன்றவில்லை. திட்ட அறிக்கைகளில் இம்மனிதர்கள் எண்ணிக்கையாகவும் கூலியாகவும் மட்டுமே வருகின்றனர். எந்தச் சந்தில் எத்தனை வீடுகளின் குப்பை எவ்வளவு என்பதை நன்கு அறிந்தவர்கள் அவர்களே. அந்த அறிவைக் கேட்டு எழுதிவைக்க எவருக்கும் தோன்றவில்லை. மாணவர்களில் எவரேனும் வாய்மொழி வரலாற்று ஆய்வில் ஈடுபட எண்ணினால், இந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்.

சதுப்பு நிலம் எத்தனை ஆண்டு தாங்கும்?

மனிதக் கழிவுக்குக் குழாய் என்றால், மற்றக் குப்பைக்குச் சதுப்பு நிலம். நகராண்மைக் கழகம் போருக்கு முன்பே சிறிய எரியுலைகளை நடத்தியது. ஆனால் பெரும்பகுதிக் குப்பை தாழ்ந்த நிலங்களையும் கடலோரச் சேற்று நிலங்களையும் நிரப்பவே சென்றது. ஒரே செலவில் இரண்டு ஆதாயங்கள் கிடைத்ததாக அக்காலத்தவர் கருதினர். குப்பையும் போயிற்று, கொசு பெருகும் சேறும் மேடாயிற்று. அவர்களைக் குறைசொல்வது எளிது. மலேரியாவால் மக்கள் மடிந்துகொண்டிருந்த ஊரில் சேற்று நிலத்தை இயற்கைச் செல்வமாக எவர் பார்த்திருப்பார்?

இம்முறைக்கு ஒரு கணக்கு வேண்டும். இந்தச் சதுப்பு எத்தனை ஆண்டு தாங்கும், அடுத்தது எது என்பதே அக்கணக்கு. நகர் விரிய விரிய அடுத்த இடம் தள்ளிப் போயிற்று. பிற்காலத்தில் தீவின் வடமேற்கில் லிம் சூ காங்கும் வடகிழக்கில் லோரோங் ஹாலுசும் குப்பை கொட்டும் இடங்களாக இருந்தன. லிம் சூ காங் 1992-இலும் லோரோங் ஹாலுஸ் 1999 மார்ச் 31-ஆம் தேதியும் மூடப்பட்டன. மூடியதோடு வேலை முடிந்துவிடவில்லை. லோரோங் ஹாலுசின் அருகில் இன்று சிராங்கூன் நீர்த்தேக்கம் இருக்கிறது. பழைய குப்பையிலிருந்து கசியும் நீர் குடிநீரில் கலக்காதவாறு தடுத்துச் சுத்திகரிக்க அங்கே நாணல் வளர்த்த ஈரநிலம் ஒன்று அமைத்திருக்கிறார்கள். விடுமுறை நாளில் அங்கே நடைபோகும் குடும்பங்களுக்குக் காலடியில் இருப்பது தம் தாத்தா பாட்டி காலத்து வீட்டுக் குப்பை என்பது தெரியுமோ, தெரியாதோ.

அதே காலத்துக் கம்பத்து வீடுகளின் பழக்கத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நகராண்மையின் வண்டி எல்லாக் கம்பங்களுக்கும் போகவில்லை. போகாத இடத்தில் வீடே தன் குப்பையைப் பிரித்தது. மிச்சச் சோறும் காய்கறித் தோலும் சீனர் வளர்த்த பன்றிகளுக்குத் தீவனமாயின. சிராங்கூன் பகுதியில் தமிழ்ப் பால்காரர்கள் மாடு வைத்திருந்த நாளில், அரிசி கழுவிய நீரைக் கழுநீர்ப் பானையில் சேர்த்துவைக்கும் நம் வழக்கத்துக்கு இங்கும் பயன் இருந்தது. வாழையிலை ஆட்டுக்கு. பழைய தாள், துணி, புட்டி, தகரம் ஆகியவற்றை வாங்கிச் செல்லக் காராங் குனிக்காரர் வந்தார்.

காராங் குனி என்னும் மலாய்த் தொடர் சணல் சாக்கைக் குறிப்பது. அதிலுள்ள குனி நம் கோணிக்கும் வடமொழிக் கோணீ என்னும் சொல்லுக்கும் உறவானது. இந்தியத் துறைமுகங்களிலிருந்து சாக்கோடு சேர்ந்து சொல்லும் ஏறி வந்து, மலாய் மொழியில் குடியேறி, சீன வியாபாரியின் தொழிற்பெயராகி, இன்று சிங்கப்பூரர் எல்லாருக்கும் பொதுச்சொல் ஆகிவிட்டது. அவர் வாசலில் நின்று எடை போட்டுக் காசு கொடுத்தார். எந்தப் பொருள் கழிவு, எந்தப் பொருள் சரக்கு என்பதை வீட்டாருக்குக் கற்பித்தது அந்தத் தராசு. இதற்கு எந்த மன்றமும் திட்டம் தீட்டவில்லை. அதனாலேயே இந்த ஏற்பாடு கலைந்தபோது அதை இழப்பாகக் குறித்துவைக்க எந்தப் பதிவேடும் இல்லாமற் போயிற்று.

திட்டமிடும் அதிகாரம் யாருக்கு?

1951-இல் சிங்கப்பூர் மாநகரமாயிற்று. நகராண்மைக் கழகம் மாநகர மன்றமாயிற்று. 1957 டிசம்பர்த் தேர்தலுக்குப்பின் முழுவதும் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட அம்மன்றம் நீண்ட காலம் நிற்கவில்லை. 1959-இல் தன்னாட்சி வந்தபின் அதன் பணிகள் அரசாங்கத்துக்குச் சென்றன. குப்பை அள்ளுவது உள்ளூர் மன்றத்தின் வேலை என்ற நிலை மாறி, நாட்டின் வேலை ஆயிற்று. 1968 அக்டோபர் 1-ஆம் தேதி அன்றைய பிரதமர் லீ குவான் இயூ சிங்கப்பூரைத் தூய்மையாக வைத்திருக்கும் இயக்கத்தைத் தொடக்கிவைத்தார். சுற்றுப்புறப் பொதுச் சுகாதாரச் சட்டமும் அதே ஆண்டில் இயற்றப்பட்டது. 1972-இல் சுற்றுப்புறத்துக்கெனத் தனி அமைச்சு பிறந்தது.

இம்மாற்றத்தின் பொருளை அண்டை நாட்டோடு ஒப்பிட்டால் தெளிவாக உணரலாம். மலேசியாவில் குப்பை நெடுங்காலம் ஊராட்சி மன்றங்களின் பொறுப்பாக இருந்தது. ஒரு மன்றத்தின் எல்லைக்குள் நிரப்பு நிலத்துக்கு இடம் இருக்கும், பணம் இராது. இன்னொன்றில் பணம் இருக்கும், இடம் இராது. 2007-ஆம் ஆண்டின் திடக்கழிவு, பொதுத் துப்புரவு நிருவாகச் சட்டம் அப்பொறுப்பைக் கூட்டரசுக்கு மாற்றியது. அது 2011 செப்டம்பர் 1-ஆம் தேதி நடப்புக்கு வந்தது. அச்சட்டத்தை ஏற்ற மாநிலங்களில் வீட்டிலேயே குப்பையைப் பிரிப்பது 2015 செப்டம்பரில் கட்டாயமாயிற்று. சிலாங்கூர், பேராக், பினாங்கு ஆகியவை அதை ஏற்காத மாநிலங்களுள் அடங்கும். ஆயினும் பினாங்கு 2016-இல் தன் மன்றங்களின் வழியாகவே பிரிப்பைக் கட்டாயமாக்கியது. மையத்திடம் அதிகாரம் குவிந்தால்தான் நெடுந்திட்டம் நடக்கும் என்ற பொதுக்கருத்தை அது ஓரளவு ஆட்டங்காணச் செய்கிறது. இதை விரித்துப் பேசினால் இந்த மாலை போதாது.

சிங்கப்பூரில் மாநகரமும் நாடும் ஒன்றே என்பதால் இச்சிக்கல் எழவில்லை. 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நகர மன்றங்கள் அமைந்தபோது அடுக்குமாடி வட்டாரங்களின் துப்புரவு அவற்றிடம் வந்தது. ஆனால் அவற்றின் கை புளோக்கிலிருந்து குப்பை மையம் வரைதான் நீண்டது. அதற்கப்பால் எங்கே எரிப்பது, எங்கே புதைப்பது, எத்தனை ஆண்டுக்கு என்ற கேள்விகள் அமைச்சின் மேசையில் இருந்தன. 2002-இல் தேசியச் சுற்றுப்புற வாரியம் அமைந்தபோது அவ்வாரியத்தின் மேசைக்கு மாறின. தான் கட்டும் கட்டணத்தில் குப்பைக்குரிய பங்கு யாரிடம் போகிறது என்று அடுக்குமாடிவாசி ஒருவரைக் கேட்டால் தயங்குவார். அத்தயக்கத்துக்கு அவர்மேல் பழி சொல்ல இயலாது.

சுவருக்குள் விழுந்த குப்பை

இந்த வரலாற்றில் மிகப்பெரிய மாற்றம் எது என்று கேட்டால் பலர் எரியாலையைச் சொல்வார்கள். நான் குப்பைக் குழாயைச் சொல்வேன். 1960-இல் தொடங்கிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடிகளில் சமையலறைச் சுவரிலேயே ஒரு மூடி இருந்தது. திறந்து போட்டால் குப்பை கீழே விழும் ஓசை கேட்கும், அவ்வளவுதான். 1989-க்குப் பிந்திய கட்டடங்களில் அந்த மூடி வீட்டை விட்டு வெளியேறி, ஒவ்வொரு தளத்திலும் பொதுவான ஓரிடத்துக்கு நகர்ந்தது. பழைய வீடுகளில் அது இன்றும் சமையலறையிலேயே இருக்கிறது.

கம்பத்திலிருந்து மாடிக்கு வந்தவர்களுக்கு இது பெரும் விடுதலை. ஈ, எலி, நாற்றம், மழையில் ஊறிய குப்பைக்குழி எல்லாம் ஒரே நாளில் மறைந்தன. அந்த விடுதலையைக் குறைத்துப் பேசுபவர்கள் கம்பத்தில் வாழ்ந்திராதவர்கள். ஆயினும் வேறொன்றும் அதோடு மறைந்தது. ஆட்டுக்கு எது, மாட்டுக்கு எது, காராங் குனிக்கு எது, குழிக்கு எது என்று நான்காகப் பிரிந்திருந்த பொருள்கள் ஒரே துளைக்குள் ஒரே பெயரோடு விழத் தொடங்கின. மொழியியலில் இதைப் பொருள்வேறுபாட்டு இழப்பு என்போம். இரண்டு சொற்கள் சுட்டிய வேறுபாடு வாழ்க்கையில் தேவையற்றுப் போனால் ஒரு சொல் மறையும். எச்சில், எரு, கழுநீர், பழசு என்று வழங்கியவை அனைத்தும் ‘குப்பை’ ஆனது நம் தமிழ் வீடுகளில் நிகழ்ந்த உண்மை. பதின்ம வயது மாணவர்களிடம் கழுநீர் என்றால் என்னவென்று கேட்டுப்பாருங்கள்.

வண்டியேறிப் போகும் குப்பையும் பெருகியது. 1970-இல் எரிக்கவோ புதைக்கவோ அனுப்பப்பட்ட திடக்கழிவு, வீட்டுக் கழிவும் வணிகக் கழிவும் சேர்த்து, நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,260 டன். 2016-இல் அது 8,559 டன். அதே இடைவெளியில் மக்கள்தொகை ஏறத்தாழ 20 லட்சத்து 70 ஆயிரத்திலிருந்து 56 லட்சமானது. மக்கள் மூன்று மடங்குகூட ஆகவில்லை. குப்பையோ ஏழு மடங்கை நெருங்கியது. உணவங்காடிப் பொட்டலமும் பேரங்காடிப் பையும் இணையவழி வாங்கும் அட்டைப்பெட்டியும் இந்த வேறுபாட்டுக்குள் இருக்கின்றன. குப்பைக் குழாய் மட்டும் இதற்குக் காரணமன்று. பெருகுவதைப் பெருகியது என்று உணரும் வாய்ப்பை அது எடுத்துக்கொண்டது.

நெருப்பும் கடலும்

1970-களில் திட்டமிட்டவர்கள் கணக்கில் வல்லவர்கள். நிலம் போதாது என்பதை அவர்கள் முன்கூட்டியே கண்டனர். எரித்தால் குப்பையின் கொள்ளளவு ஏறத்தாழ 90 விழுக்காடு குறையும், மின்சாரமும் கிடைக்கும். 1979-இல் உலு பாண்டானில் முதல் பெரிய எரியாலை இயங்கத் தொடங்கியது. 1986-இல் துவாஸ், 1992-இல் செனோக்கோ, 2000-இல் தென் துவாஸ் என ஆலைகள் தொடர்ந்தன. உலு பாண்டான் 30 ஆண்டு உழைத்து 2009-இல் ஓய்ந்தது. ஓர் எரியாலையை இடம் தேர்ந்து கட்டி முடிக்கப் பல ஆண்டுகள் ஆகும். ஒன்றன் ஆயுள் முடியுமுன் மற்றொன்று தயாராக இருக்க வேண்டும். வரிசை தப்பாமல் அதைச் செய்தது பாராட்டுக்குரியது. நகராண்மைக் காலத்து ஓராண்டுப் பார்வை இங்கே முப்பதாண்டுப் பார்வையாக வளர்ந்துவிட்டது.

எரித்தபின் சாம்பல் மிஞ்சும். எரியாத பொருளும் உண்டு. அவற்றுக்கு இடம் தரையில் இல்லாததால் கடலுக்குப் போயினர். தெற்கே செமாக்காவ், சக்கெங் என்னும் இரு தீவுகளையும் இடையிலிருந்த கடலையும் வளைத்து 7 கிலோமீட்டர் நீளமுள்ள கல்லணை எழுப்பினர். சாம்பல் ஊறிய நீர் கடலில் கசியாதபடி அணைக்கு நீர்புகாப் படலமும் கடற்களிமண்ணும் பூசினர். 350 ஹெக்டர் பரப்பும் 6 கோடியே 30 லட்சம் கன மீட்டர் கொள்ளளவும் கொண்ட அந்த நிரப்பு நிலத்துக்கு ஆன செலவு 61 கோடி வெள்ளி. லோரோங் ஹாலுஸ் மூடப்பட்ட மறுநாள், 1999 ஏப்ரல் 1-ஆம் தேதி, அது திறக்கப்பட்டது. ஒரு நாள் இடைவெளியும் இல்லை. திட்டமிடலை ஒரு கலையாக மதிப்போருக்கு இதைவிட நேர்த்தியான சான்று காட்ட என்னால் இயலாது. கட்டுமானத்தில் பாதிக்கப்பட்ட அலையாத்திக் காட்டுக்கு ஈடாக 13.6 ஹெக்டரில் மீண்டும் கன்று நட்டனர்.

சக்கெங் தீவில் ஒரு மலாய் மீனவக் கம்பம் இருந்தது. அம்மக்கள் 1990-களின் முற்பகுதிக்குள் பெருந்தீவின் அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டனர். நம் வீட்டுக் குப்பைக்கு இடம்விட்டுச் சென்றவர்கள் என்று அவர்களைச் சொல்வது மிகையாகாது. சுற்றுப்புறப் பாடநூல்களில் செமாக்காவின் பவளமும் பறவைகளும் படத்தோடு வருகின்றன. இந்தக் கம்பத்துக்கும் ஒரு பத்தி ஒதுக்கலாம்.

செமாக்காவ் 2045 வரை தாங்கும் என்பது முதற் கணக்கு. பின்னர் அது 2035 என்று சுருங்கியது. பத்தாண்டுகள் கணக்கிலிருந்து கழிந்துபோயின. கழிவு என்ற சொல்லின் இரு பொருளும் இவ்விடத்தில் ஒன்றாகிவிடுகின்றன. இன்று உயர்நிலைப் பள்ளியில் படிப்பவர்கள் 2035-இல் தமக்கென வீடு தேடும் வயதில் இருப்பார்கள்.

நீலத் தொட்டியின் தமிழ்

கணக்கு சுருங்கிய பின்னர்த் திட்டமிடுவோர் வீட்டின் பக்கம் திரும்பினர். 2001-இல் தேசிய மறுபயனீட்டுத் திட்டம் தொடங்கியது. 2014-இல் ஒவ்வொரு வீவக புளோக்குக்கும் ஒரு நீலத் தொட்டி என்ற நிலை வந்தது. 2019-இல் கழிவில்லாச் சிங்கப்பூருக்கான பெருந்திட்டம் வெளியாயிற்று. 2030-க்குள் ஒருவர் நாளொன்றுக்கு நிரப்பு நிலத்துக்கு அனுப்பும் கழிவை 30 விழுக்காடு குறைப்பது அதன் இலக்கு.

2023-இல் நாட்டின் மொத்த மறுபயனீட்டு விகிதம் 52 விழுக்காடு. கட்டுமானக் கழிவும் உலோகமும் அதைத் தூக்கி நிறுத்துகின்றன. வீடுகளின் விகிதத்தைத் தனியே எடுத்தால் 12 விழுக்காடுதான். 2018-இல் அது 22 ஆக இருந்தது. நீலத் தொட்டிக்குள் விழுபவற்றிலும் ஏறத்தாழ 40 விழுக்காடு உணவோ நீரோ பட்டுக் கெட்டுப்போனவை, அல்லது அங்கே போடத் தகாதவை. எரியாலை குறித்த நாளில் திறந்தது, கடலணை குறித்த நாளில் நிறைவேறியது, சமையலறை மட்டும் அட்டவணைக்குக் கட்டுப்படவில்லை.

காரணங்கள் பல. வசதி, நேரம், பழைய தாளின் உலகச் சந்தை விலை ஆகியவற்றைப் பிறர் ஆராய்ந்து எழுதுகின்றனர். என் துறைக்குள் வரும் ஒரு சிறு காரணத்தை மட்டும் சுட்டுகிறேன். நம் துண்டு விளக்கத்தாள்களில் மறுபயன்பாடு என்றும் மறுபயனீடு என்றும் இரு சொற்கள் அடுத்தடுத்து வருகின்றன. ஒரு புட்டியைக் கழுவி மீண்டும் எண்ணெய் ஊற்றிவைப்பது முதலாவது. அதை உருக்கி வேறொன்றாக வார்ப்பது இரண்டாவது. பயன்பாடு, பயனீடு என்னும் இரண்டு சொற்களுக்கும் இடையே இந்த வேறுபாட்டைத் தாங்கும் அளவுக்கு வலிமை இல்லை. தமிழாசிரியர்களே மாற்றி எழுதுகின்றனர். தமிழ்நாட்டில் இரண்டாவதற்கு மறுசுழற்சி என்கிறார்கள். இங்கு ஒன்று, அங்கு ஒன்று என்றிருப்பதில் எனக்கு வருத்தமில்லை. படித்த மூதாட்டி ஒருவர் அத்தாளைப் படித்துவிட்டு எந்தத் தொட்டியில் எதைப் போடுவது என்று மகளைக் கேட்க வேண்டியிருப்பதில்தான் வருத்தம். இச்சொற்கள் அலுவலகத்தில் பிறந்து அறிவிப்புப் பலகையில் வாழ்பவை. அவற்றுக்குச் சமையலறையில் வேர் இல்லை. கழுநீருக்கும் எருவுக்கும் பழசுக்கும் வேர் இருந்தது. உணவுக் கழிவைத் தனியே வாங்கும் ஏற்பாடு பரவலாக வருமானால், அதற்குப் புதுச்சொல் ஆக்குமுன் கழுநீர்ப் பானையை நினைத்துப் பார்க்குமாறு சொல்லாக்கக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறேன்.

திட்டமிடுவோரும் வேறு வழியில் பழைய ஏற்பாட்டை நோக்கித் திரும்புவதாகவே தோன்றுகிறது. 2023 ஜூலை முதல் பெரிய பேரங்காடிகளில் ஒவ்வொரு பைக்கும் குறைந்தது 5 காசு. பானம் அடைத்த புட்டிக்கும் கலனுக்கும் 10 காசு முன்பணம் பெற்றுக்கொண்டு, வெறும் புட்டியைத் திருப்பித் தந்தால் அக்காசைத் திருப்பித் தரும் திட்டத்துக்கு 2026 ஏப்ரல் 1-ஆம் தேதி குறிக்கப்பட்டது. இயந்திரத்தின் வாயில் புட்டியை இட்டுக் காசைப் பெறும் பிள்ளைக்கு அது புதுமையாக இருக்கும். உடன் நிற்கும் தாத்தாவுக்குக் கோணியும் தராசும் மணியோசையும் நினைவுக்கு வரலாம்.